‘ஒன்றும் இல்லை’ என்ற பிறகும் அடங்காத வயிறு



கேமரன் மலையில் பொழுது விடிவதற்கு முன்பே அடுப்பில் ஏறுவது தேநீர்தான். ரிங்லெட், ஹாபு தொடங்கிப் பிரிஞ்சாங் வரையில் எந்தத் தோட்டத்து வீட்டுக் கதவைத் தட்டினாலும் அதே காட்சி. கெட்டியாகப் போட்ட பால் தேநீர் ஒரு குவளை, இரண்டு பிஸ்கட். குளிருக்கு அது இதமாக இருக்கிறது. அதோடு வேலைக்குப் போனால் பசியாற ஒன்பது, பத்து மணி ஆகிவிடுகிறது. பறித்த கொழுந்தின் எடைக்குத்தான் கூலி என்றிருந்த காலத்தில் ‘இன்னும் ஒரு வரிசை முடித்துவிட்டுச் சாப்பிடலாம்’ என்று வயிற்றிடம் தவணை கேட்டுப் பழகியவர்கள் இந்த மக்கள். 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டமும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பாரத் தோட்டமும் இம்மலையில் தொடங்கிய நாளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் அது. இன்று தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் பெருகிவிட்டார்கள். பழக்கம் மட்டும் அவர்களையும் தொற்றிக்கொண்டது.

இப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் ஓர் அம்மா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்தாறு. நான்கு ஆண்டுகளாக அவருக்கு ஒரே தொல்லை. அரைத்தட்டுச் சோறு உள்ளே போவதற்குள் வயிறு கல்லாக நிரம்பிவிடுகிறது. நெஞ்சுக்குழியில் எரிகிறது. ஏப்பம் வருகிறது, வந்தும் நிம்மதி இல்லை. கிளினிக்கில் வெள்ளை மருந்து வாங்கிக் குடித்தார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினார். ஓம நீர், பெருங்காயம், வயிற்றில் தைலம் எல்லாம் ஆயிற்று. கடைசியில் மலையிறங்கிப் பெரிய மருத்துவமனையில் ‘ஸ்கோப்’ போட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. “ஒன்றும் இல்லை அம்மா, பயப்படாதீர்கள்” என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

தாப்பா சாலையின் வளைவுகளில் வண்டி ஏறி வீடு வந்து சேர்ந்தார். அன்று இரவு சாப்பிட்டதும் மறுபடியும் அதே வலி.

இப்போது அவருக்கு இரண்டு எண்ணங்கள்தான் வரும். ஒன்று, ‘மருத்துவர் எதையோ பார்க்கத் தவறிவிட்டார், இது புற்றுநோயாக இருக்கும்.’ மற்றொன்று, ‘எல்லாம் என் மனக் கற்பனை.’ வீட்டில் இருப்பவர்களும் இரண்டாவது எண்ணத்துக்குத்தான் ஒத்து ஊதுவார்கள். பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே தவறு. அவருக்கு இருப்பது பெயருள்ள, காரணம் ஓரளவு அறியப்பட்ட, சமாளிக்கக்கூடிய ஒரு நோய். அந்தப் பெயரை யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் குறை.

ஒரு சொல்லுக்குள் பத்து நோய்

மலேசியாவில் வயிற்றுத் தொல்லை எதுவானாலும் ‘கேஸ்டிரிக்’. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ‘இரைப்பையைச் சார்ந்த’ என்பதற்கு மேல் பொருளில்லை. அது ஒரு நோயின் பெயரே அல்ல. மலாய் நண்பர்கள் ‘அங்கின்’ என்பார்கள், காற்று புகுந்துவிட்டது என்று பொருள். மலையில் குளிர் அதிகம் என்பதால் ‘குளிர்க்காற்று வயிற்றில் ஏறிவிட்டது’ என்ற விளக்கம் எளிதில் எடுபடும். தோட்டத்து டிரெஸ்ஸர் ஒரே புட்டியிலிருந்து எல்லாருக்கும் மிக்சர் ஊற்றிக் கொடுத்த காலத்தில் அதற்குமேல் பிரித்துப் பார்க்க வழியும் இல்லை.

மருத்துவர்கள் இத்தொல்லையை ‘டிஸ்பெப்சியா’ என்கிறார்கள். தமிழில் அஜீரணம். உலக அளவில் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு காலத்தில் இத்தொல்லை இருக்கிறது. அவர்களுக்கு ஸ்கோப் போட்டுப் பார்த்தால் பெரும்பான்மையோரின் இரைப்பையில் கண்ணுக்குத் தெரிகிற காரணம் எதுவும் கிடைப்பதில்லை. அந்த அம்மா விதிவிலக்கு அல்லர். அவர்தான் வழக்கமான நோயாளி.

இதற்கு வரையறை வகுத்திருக்கிறார்கள். பன்னாட்டு வயிற்று, குடல் நிபுணர்கள் கூடி வகுத்த ‘ரோம்’ விதிமுறைகளின் நான்காவது பதிப்பு 2016இல் வந்தது. அதன்படி நான்கு அறிகுறிகளில் ஒன்றாவது இருக்கவேண்டும். உண்டபின் தொல்லைதரும் அளவுக்கு வயிறு கனத்துக் கிடப்பது; கொஞ்சம் உண்டதுமே நிறைந்துவிட்டதாகத் தோன்றுவது; நெஞ்சுக்குழியில் வலி; அதே இடத்தில் எரிச்சல். தொல்லை ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். சோதனையில் வேறு நோய் அகப்படக்கூடாது. இவ்வளவும் பொருந்தினால் அதன் பெயர் ‘ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா’. உறுப்பின் அமைப்பில் பழுதில்லை, அது இயங்கும் விதத்தில் பழுது என்பது இதன் பொருள்.

புளித்த நீர் மார்பு வழியாகத் தொண்டைவரை ஏறினால் அது வேறு நோய். தொப்புளுக்குக் கீழே வலித்து, மலம் கழித்ததும் அடங்கினால் அதுவும் வேறு. ஆனால் ஒருவருக்கே இவற்றில் இரண்டு சேர்ந்தும் வரும். ஆகவே மருத்துவரிடம் ‘கேஸ்டிரிக்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளாமல், எந்த இடத்தில், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எவ்வளவு நேரம் என்று சொல்வது பாதி நோயறிதலுக்குச் சமம்.

முதலில் விலக்கவேண்டியவை

‘இது வெறும் கேஸ்டிரிக்தான்’ என்று அசட்டையாக இருந்து உயிரை இழந்தவர்களும் உண்டு. ஆகவே ஆறுதல் சொல்வதற்கு முன்னால் சிலவற்றை விலக்கியாக வேண்டும்.

முதலாவது இதயம். நெஞ்சுக்குழியில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல், மேடேறும்போது வந்து நின்றால் அடங்கும் வலி - இவை வயிற்றின் வேலையாக இல்லாமல் இதயத்தின் வேலையாக இருக்கலாம். தேயிலைச் சரிவில் ஏறும்போது மட்டும் வருகிற ‘காற்று’ காற்றாக இருக்க வாய்ப்புக் குறைவு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மாரடைப்புகூட வலியில்லாமல், வெறும் வயிற்றுப் புரட்டலாக வரும். மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வுகளில் இனிப்பு நீர் நோய் இந்தியச் சமூகத்திலேயே மிக அதிகம் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. எனவே நாற்பது வயதைக் கடந்த ஒருவர் புதிதாக நெஞ்சுக்குழி வலி என்று வந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது வீண்செலவு ஆகாது. வலி திடீரென வந்து வியர்த்துக் கொட்டினால் காலை வரை காத்திருக்கக்கூடாது. தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கு உடனே போய்விட வேண்டும்.

அடுத்து, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்குவதில் சிக்கல், ஓயாத வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், இரத்தசோகை, மஞ்சள் காமாலை, வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கோப் தள்ளிப்போடக் கூடியதல்ல. அமெரிக்க, கனடிய நிபுணர்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக அஜீரணம் வந்தால் ஸ்கோப் செய்யவேண்டும் என்கிறது. ஆசிய மருத்துவர்கள் இன்னும் குறைந்த வயதிலேயே யோசிக்கிறார்கள். இரத்தசோகை விஷயத்தில் தோட்டத்துப் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘மாதவிலக்கில் போனது’ என்று எல்லா இரத்தசோகைக்கும் ஒரே காரணம் சொல்லிவிடுகிறார்கள். மாதவிலக்கு நின்றபின் வரும் இரத்தசோகைக்கு என்ன காரணம் சொல்வது? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதனால் அந்த மாத்திரை எடுப்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, வீட்டு மருந்துப் பெட்டி. முதுகும் தோளும் நாள் முழுவதும் உழைக்கிற தொழிலில் வலி மாத்திரை சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் போல ஆகிவிடுகிறது. பொன்ஸ்தான், வோல்டரன், ஆஸ்பிரின் எல்லாமே இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சுரப்பைக் குறைப்பவை. வலி தெரியாமலே புண் ஆக்கிவிடும். அதைவிட ஆபத்து, மூட்டுவலிக்கென்று கைமாறி வரும் சில ‘பாரம்பரிய’ உருண்டைகள். இவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் புண்ணின் ஆபத்து பன்மடங்கு. இனிப்பு நீருக்குத் தரும் மெட்ஃபோர்மின்கூடச் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். ஆகையால் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு நேரம் குறைவு. பையைக் கொட்டிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

பித்தப்பைக் கல், கணையம், தைராய்டு முதலியவற்றையும் தேவைப்பட்டால் இரத்தச் சோதனையாலும் ஸ்கேனாலும் பார்ப்பார்கள். எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை.

கப்பலில் வந்த கிருமி

ஒரு சோதனையை மட்டும் மலேசிய இந்தியர் எவரும் கேட்டுப் பெறலாம். அது ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமிக்கான சோதனை.

இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், வளைந்த உருவமுள்ள ஒரு கிருமி அங்கே குடியிருப்பதைக் கண்டார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, இரைப்பை அழன்று போனது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விருதுக்காகச் சாப்பிட்ட பானங்களில் இவ்வளவு மோசமானது வேறு இருந்திருக்காது.

மலேசியாவில் இக்கிருமியின் கதை இன்னும் சுவையானது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் கோ கியான் லீயும் பராசக்தியும் நாட்டின் பல பகுதி மக்களின் இரத்தத்தைச் சோதித்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே நாட்டில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்தும், இந்தியரிடம் இக்கிருமி மிக அதிகம், அடுத்துச் சீனர், மலாய்க்காரரிடம் மிகக் குறைவு. கிருமி குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுகிறது. அதனால் இனத்துக்குள்ளேயே தலைமுறையாகச் சுற்றிவருகிறது. 2009இல் வெளிவந்த மரபணு ஆய்வில், மலேசிய இந்தியரின் இரைப்பையில் எடுத்த கிருமிகள் இந்தியத் துணைக்கண்டத்தில் காணப்படும் வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. சஞ்சிக் கூலிகளாகக் கப்பலேறிய முன்னோர்கள் அரிவாளையும் குலதெய்வத்து மண்ணையும் கொண்டுவந்தார்கள் என்பார்கள். பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனை எளிது. ஒரு திரவத்தைக் குடித்து, சிறிது நேரம் கழித்து ஒரு பைக்குள் ஊதினால் போதும். மலத்தைக் கொண்டும் சோதிக்கலாம். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ராசோல் போன்ற மாத்திரைகளை இரண்டு வாரங்களுக்கு முன்பும், எதிர்ப்பு மருந்துகளை நான்கு வாரங்களுக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். பலருக்குச் சோதனை தவறுவது இந்த இடத்தில்தான். கிருமி இருந்தால் பொதுவாகப் பதினான்கு நாள், இரண்டு வேளையும் பல மாத்திரைகள். வாய் கசக்கும், வயிறு கலங்கும். ஆறாம் நாளில் நிறுத்திவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். முடித்து நான்கு வாரங்களுக்குப் பிறகு மறுபடி ஊதிப் பார்த்து, போய்விட்டதா என்று உறுதி செய்யவேண்டும்.

ஆனால் இங்கே எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கோப்பில் எதுவும் இல்லாத அஜீரணக்காரர்களுக்குக் கிருமியை ஒழித்தால், சுமார் பதினான்கு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் அச்சிகிச்சையால் தொல்லை தீருகிறது. அதுவும் உடனே அல்ல, ஆறு மாதம்கூட ஆகும். பின் எதற்கு? வருங்காலத்தில் புண்ணும் இரைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் குறைகிறது. அந்த அம்மாவின் பெரிய பயமே அதுதானே.

குழாய்க்குத் தெரியாத கோளாறு

கிருமியும் இல்லை, புண்ணும் இல்லை. பின் எப்படி வலிக்கிறது?

இரைப்பை வெறும் பை அன்று. சோறு இறங்கத் தொடங்கியதும் அதன் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். விருந்தாளி வந்ததும் வீட்டார் ஒதுங்கி உட்காருவதைப் போல. இந்நோய் உள்ளவர்களில் பத்தில் நால்வருக்கு அந்தத் தளர்ச்சி சரியாக நடப்பதில்லை. பாதிச் சோற்றிலேயே நிறைந்துவிட்டதாகத் தோன்றுவது அதனால்தான். இன்னும் சிலருக்கு உணவு இரைப்பையைவிட்டு இறங்கத் தாமதமாகிறது. வேறு சிலருக்கு நரம்புகளின் கூர்மை அதிகம். இரைப்பைக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்கள் உணராத அளவுக்கே இவர்கள் வலியை உணர்ந்தார்கள். சிலருக்கு வயிற்றுப்போக்குக் காய்ச்சல் ஒன்று வந்து போனபின் இது தொடங்குகிறது. முன்சிறுகுடலின் சுவரில் மிக நுண்ணிய அழற்சி இருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இவற்றில் எதுவும் சாதாரண ஸ்கோப்பின் கண்ணுக்குத் தெரியாது. ஓடாமல் நிற்கும் காரைப் படம் பிடித்து ‘கார் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வது போன்றது அது.

மனத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1822இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, ஆறிய பிறகும் வயிற்றில் துளை மூடாமல் நின்றுவிட்டது. வில்லியம் போமான்ட் என்ற இராணுவ மருத்துவர் அந்தத் துளை வழியாகப் பல ஆண்டுகள் இரைப்பையைக் கவனித்தார். அந்த மனிதர் கோபப்பட்டபோது இரைப்பையின் வேலை மாறியதை அவர் எழுதிவைத்திருக்கிறார். கோபம் கற்பனையாக இருக்கலாம். இரைப்பை மாறியது கற்பனை இல்லை. ஆஸ்திரேலியாவில் மக்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், சிலருக்குக் கவலை முதலில் வந்து வயிறு பின்னால் கெட்டது, சிலருக்கு வயிறு முதலில் கெட்டுக் கவலை பின்னால் வந்தது என்று தெரிந்தது. பாதை இரு வழி. ‘நீ யோசித்து யோசித்து வரவழைத்துக்கொண்டாய்’ என்று வீட்டில் குற்றம் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

தட்டும் மாத்திரையும்

சாப்பாட்டு விஷயத்தில் நீளமான தடைப்பட்டியல் எதுவும் தேவையில்லை. பத்தியம் என்று பத்துப் பொருளை நிறுத்திவிட்டு மெலிந்து போனவர்கள் உண்டு. பிறகு அந்த மெலிவைக் கண்டே புற்றுநோய் என்று பயந்து மறுபடி ஸ்கோப்புக்கு ஓடுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எப்போது வலித்தது. அதில் வருகிற உண்மை ஒவ்வொருவருக்கும் வேறு. ஆனாலும் பொதுவாகச் சொல்லக்கூடியவை சில. இரைப்பை தளராதவருக்குப் பெரிய தட்டு எதிரி. மூன்று பெரிய வேளையை ஐந்து சிறிய வேளையாக்கினால் பாரம் குறையும். கொழுப்பு முன்சிறுகுடலை எட்டியதும் இரைப்பை மெதுவாகும். எனவே சந்தான் கனத்த நாசி லெமாக்கும் எண்ணெய் மிதக்கும் கறியும் மற்ற உணவைவிட அதிக நேரம் கனக்கும். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால் அதன் காரச்சத்து வலி நரம்பைத் தொட்டு எழுப்பும். ஏற்கெனவே கூர்மையான நரம்புக்கு அது போதும். சம்பலை அறவே நிறுத்தாமல் பாதியாக்கிப் பார்க்கலாம்.

தேநீரை என்ன செய்வது? தேயிலை மலையில் நின்றுகொண்டு தேநீரை நிறுத்து என்பது நடக்கிற காரியமா? தேநீர் அமிலச் சுரப்பைத் தூண்டுவது உண்மை. வெறும் வயிற்றில் கெட்டியாகக் குடிப்பதுதான் தொல்லை. முதலில் இரண்டு துண்டு ரொட்டியோ ஓர் இட்லியோ உள்ளே போகட்டும், பிறகு தேநீர். சாயத்தைக் கொஞ்சம் இளக்கலாம். பால் தேநீரில் வயிறு உப்பினால் ஒரு வாரம் பால் இல்லாத தேநீர் குடித்துப் பார்க்கலாம். தமிழரில் பலருக்கு வளர்ந்த பிறகு பாலின் சர்க்கரை எளிதில் செரிப்பதில்லை.

இன்னொன்று பெண்களுக்கு. எல்லாருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி, பத்து மணிக்குக் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டு, குளிருக்குப் பயந்து உடனே போர்வைக்குள் போவது. படுத்த பிறகு கனப்பதில் வியப்பென்ன? ஏழரைக்கே பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்துவிடுவதற்கு மருந்துச் சீட்டுத் தேவையில்லை. வீட்டில் மற்றவர்கள் தட்டை எடுத்து வைத்தால் போதும்.

மருந்துகளில் முதலில் தருவது ஒமெப்ராசோல் வகை. இதை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு விழுங்கவேண்டும். வலிக்கும்போது மிட்டாய் போல எடுப்பதில் பயன் மிகக் குறைவு. நான்கு முதல் எட்டு வாரம் எடுத்துப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்தி வேறு வழி பார்க்கவேண்டும். பலன் இருந்தாலும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கவேண்டும். பலர் காரணம் மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய மருந்துப் பெட்டியில் ரானிடிடின் இருந்தால் தூக்கி எறிந்துவிடலாம். அதில் ஒரு நச்சுப் பொருள் உருவாவது தெரிந்து 2019, 2020ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் மீட்டுக்கொள்ளப்பட்டது.

சாப்பிட்டதும் கனப்பவர்களுக்கு இரைப்பையை முடுக்கும் மருந்து உதவலாம். டொம்பெரிடோன் அவ்வகை. ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கும் அபாயத்தால் 2014இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் அதன் அளவையும் நாள்களையும் கட்டுப்படுத்தியது. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வலி முதன்மையாக இருப்பவர்களுக்கு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை இரவில் மிகச் சிறிய அளவில் தருவதுண்டு. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வலி வகையினருக்கு அது உதவியது தெரிந்தது. இங்கேதான் சிக்கல் வருகிறது. மருந்துக் கடைக்காரரோ அண்டை வீட்டாரோ ‘இது மனநோய் மாத்திரையாச்சே’ என்று சொன்னவுடன் மாத்திரை குப்பைக்குப் போகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு அளவு. இங்கே கொடுப்பது வயிற்றின் வலி நரம்பைத் தணிக்க. இதைச் சொல்லிக் கொடுக்காத மருத்துவர், மாத்திரையை எழுதியும் எழுதாதவர்தான்.

இஞ்சி இரைப்பையைக் கொஞ்சம் விரைவாக இறங்க வைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. பாட்டி சொன்ன இஞ்சித் தண்ணீரைக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் சோடா உப்புக் கரைசலை நாள்தோறும் குடிப்பது வேறு. அதில் உப்பு அதிகம், இரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு ஆகாது.

மீண்டும் அந்த அம்மாவிடம் வருவோம். கிருமிச் சோதனை செய்து, இருந்ததை ஒழித்தாயிற்று. வலி மாத்திரையைக் குறைத்து, தோள் வலிக்குப் பாராசிட்டமோலும் வெந்நீர் ஒத்தடமும் என்று மாற்றியாயிற்று. காலையில் ரொட்டி, பிறகு தேநீர். மூன்று மாதம் கழித்து மருத்துவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோகிறார். முன்பு வாரத்தில் ஆறு நாள் தொல்லை, இப்போது இரண்டு நாள். “முழுசா போகலையே டாக்டர்” என்கிறார். முழுமையாகப் போகாமலும் இருக்கலாம், சிலருக்கு வந்து வந்து போகும், ஆனால் இது புற்றுநோயாக மாறுகிற நோய் அன்று என்று மருத்துவர் விளக்குகிறார். எடை குறைந்தாலோ மலம் கறுத்தாலோ நாள் பார்க்காமல் வரவேண்டும் என்கிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நோயின் பெயரைத் தமிழிலும் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறார் அந்த அம்மா. வீட்டில் காட்டவேண்டுமாம்.